சங்கு ஊதும்போது பேசியவர்கள்

அத்தியாயம் 6

டெய்லரம்மா பேசிக்கொண்டே துணி வெட்டுவார். கத்திரி ஒரு வழியில் போகும், பேச்சு இன்னொரு வழியில் போகும். இரண்டும் ஒன்றையொன்று இடிக்காது. ரேடியோ அதைத்தான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

ரேடியோ என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. நிறுத்தத் தெரியாமல் பேசுகிறவன் என்பதால், வேலை பார்த்த இடங்களிலெல்லாம் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது கண்ணாடி மேடத்திடம் உதவியாளன். மேடம் முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்யான இழப்பீட்டுக் கோரிக்கைகளை மோப்பம் பிடிக்கும் வேலையில் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு அதே மூக்கை வாடகைக்கு விட்டிருக்கிறார். மூக்குக் கண்ணாடி எப்போதும் தலைமேல்தான் இருக்கும். அதைத் தேடுவதில்தான் அவருடைய துப்பறிதலில் பாதி கழிகிறது என்பது ரேடியோவின் அபிப்பிராயம்.

"ரெண்டு வருஷமா நகரசபை வாசல்ல நிக்கிறோம் மேடம்," என்றார் டெய்லரம்மா. "உர ஆலைக்கு ரெண்டாவது புகைபோக்கி வேண்டாம்னு. மனு கொடுத்தோம். உறுப்பினருங்களை வீடு வீடாப் போய்ப் பார்த்தோம். ஒருத்தரும் அசைஞ்சு கொடுக்கலை. இப்பதான் பொது விசாரணை வச்சிருக்காங்க, நாளைக்குக் காலைல. இந்த நேரம் பார்த்து எங்களுக்கு எதிரா இன்னொரு குழு முளைச்சிருக்கு. வேலை வேண்டுவோர் குழுவாம். புகைபோக்கி கட்டியே ஆகணுமாம். அதுல நிக்கிறவங்க ஒருத்தர்கூட இந்தப் பக்கத்து..."

ஆலைச் சங்கு ஊதியது.

கடைக்கும் ஆலைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். தையல் மெஷின் மேலிருந்த நூல்கண்டு தானாக நகர்ந்தது. ரேடியோ இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "என்னம்மா சொல்றீங்க, காதுல விழலை," என்று அடித்தொண்டையில் கத்தினான். டெய்லரம்மா பதில் சொல்லவில்லை. வாய் பாதி திறந்தபடி, கத்திரி பாதி துணியில் நின்றபடி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல அமைதியாக இருந்தார். கடைவாசலில் காய்கறி பேரம் பேசிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் அப்படியே நின்றார்கள். ஒருத்தியின் கை காற்றில் நீட்டியது நீட்டியபடி.

சங்கு நின்றது.

"...ஆள் கிடையாது," என்று முடித்தார் டெய்லரம்மா. வெளியே பேரமும் விட்ட இடத்திலிருந்து ஓடியது.

ரேடியோ காதைப் பொத்தியபடியே மேடத்திடம் திரும்பினான். "என்ன பாஸ் இது, யாரோ சுவிட்சை அணைச்சுப் போட்ட மாதிரி?"

"எங்க தெருவே இப்படித்தான் தம்பி," என்றார் டெய்லரம்மா. "அதோட போட்டி போட்டுக் கத்த முடியுமா? பிறந்ததுலேர்ந்து பழகிப்போச்சு. ஊதினா நிறுத்துவோம். நின்னா தொடர்வோம். சண்டைகூட அப்படித்தான்."

"எனக்கு இந்தத் தெருவுல பொண்ணு பார்த்துடுங்க. சண்டை நடுவுல யோசிக்க நேரம் கிடைக்கும்."

மேடம் சிரிக்கவில்லை. மேஜைமேல் கிடந்த துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கான பேனர் அது. துணி நெடுகப் பிறை வடிவில் சின்னச் சின்ன வெட்டுகள். ஒவ்வொரு வெட்டின் ஓரமும் உள்மடித்துத் தைத்திருந்தது.

"காத்து போறதுக்கு," என்றார் டெய்லரம்மா. "இல்லேன்னா பாய்மரம் மாதிரி ஆளையே இழுத்துட்டுப் போயிடும். மத்தவங்க சும்மா வெட்டி விடுவாங்க, ரெண்டு நாள்ல கிழிஞ்சு தொங்கும். நான் மடிச்சுத் தைப்பேன்."

"பேனருக்கே மூச்சுவிட வழி வச்சிருக்கீங்க," என்றான் ரேடியோ.

சொன்ன பிறகுதான் மாடியிலிருந்து வந்த இருமல் காதில் விழுந்தது. ஒரே இருமல்தான், ஆனால் அது முடிவதாகத் தெரியவில்லை. டெய்லரம்மா மேலே பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரர். ஆலையில பாய்லர் வேலை பார்த்தவர். இப்ப ஜன்னலோரமா உட்கார்ந்து தெருவைப் பார்க்கறதுதான் வேலை. ரெண்டாவது புகைபோக்கி வந்தா இங்க இருக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். எங்க போறதுன்னு சொல்லலை." கத்திரியைக் கீழே வைத்தார். "அவங்க கூலிக்கு வந்த கூட்டம்னு நீங்க நிரூபிச்சுக் கொடுத்தா போதும் மேடம். நாளைக்கு விசாரணையில நான் எழுந்து ஒரு வார்த்தை கேட்பேன், நீங்கள்லாம் யாருன்னு. அது போதும்."

மேடம் கிளம்பும்போது வாசலில் நின்றார். "ரெண்டு வருஷமாக் கிடைக்காத விசாரணை இப்ப மட்டும் எப்படிம்மா கிடைச்சுது?"

"அதுதான் எனக்கும் ஆச்சரியம்," என்றார் டெய்லரம்மா, ஊசியில் நூல் கோத்தபடி. நூல் காதில் நுழையாமல் விலகிப் போனது. எச்சில் தொட்டு மறுபடி கோத்தார்.

நகரசபைக் கட்டிடம் ஆலையின் முன்வாசலுக்கு எதிரிலேயே இருந்தது. படிக்கட்டின் வலது பக்கம் தெருக்காரர்கள்; இடது பக்கம் வேலை வேண்டுவோர். நடுவில் ஒரு போலீஸ்காரர், இரண்டு பக்கமும் கழுத்தைத் திருப்பித் திருப்பிச் சுளுக்கு வாங்கிக்கொண்டிருந்தார்.

வலது பக்கத்தில் கொஞ்சம் பேர்தான். இடது பக்கத்தில் படி கொள்ளாத கூட்டம். வழவழப்பான புதுப் பதாகைகள். முன்னால் ஒருவர் கையில் மைக்குடன் நின்று கோஷம் எடுத்துக் கொடுத்தார். நாற்பது வயதிருக்கும். தொண்டை கட்டியிருந்தும் விடாமல் கத்தினார்.

"பாஸ், ஒரு யோசனை," என்றான் ரேடியோ. "சங்கு ஊதட்டும். தெருக்காரங்களா இருந்தா வாயை மூடணும். மூடலைன்னா வெளியாளு. வேலை முடிஞ்சுது, வீட்டுக்குப் போகலாம்."

மேடம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "காலைல என்ன சாப்பிட்டே?"

"ஏன்?"

"மூளை வேலை செய்யுது."

உள்ளுக்குள் குளிர்ந்துபோனான் ரேடியோ. அவன் வாய் ஓயாமல் பேசுவதற்குக் காரணமே, நிறுத்தினால் தனக்கு ஒன்றும் தெரியாது என்பது வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம்தான். இப்படி ஒரு பாராட்டு எப்போதாவதுதான் கிடைக்கும். இருவரும் எதிர்க்கடைத் தாழ்வாரத்தில் டீ வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

சங்கு ஊதியது.

வலது பக்கம் சட்டென்று அடங்கியது. இடது பக்கம் அடங்கவில்லை. கைகள் உயர்ந்தன, வாய்கள் திறந்து மூடின. சத்தம் வெளியே வராவிட்டாலும் கூட்டம் முழுக்கக் கத்திக்கொண்டே இருந்தது.

"சரக்கு பூரா வெளியூர்," என்று ரேடியோ மேடத்தின் காதில் கத்தினான்.

மேடம் தலைமேலிருந்த கண்ணாடியை இறக்கி மூக்கில் போட்டார். அவர் அதைத் தேடாமல் எடுத்துப் போட்டால், எதையோ பார்த்துவிட்டார் என்று அர்த்தம்.

"மைக்கைப் பாரு," என்றார், சங்கு நின்றதும்.

அதற்குள் மைக் பிடித்திருந்தவர் பேச ஆரம்பித்திருந்தார். "...கட்டுவோம், கட்டுவோம், புகைபோக்கி கட்டுவோம்." சங்கு ஊதிய நேரமெல்லாம் அவர் மட்டும் வாயை மூடி, மைக்கை மார்போடு அணைத்து நின்றிருந்தார். கோஷத்தை அறுந்த இடத்திலிருந்தே எடுத்துக்கொண்டார். முதல் வரியைக்கூடத் திரும்பச் சொல்லவில்லை.

"கூட்டம் வெளியாளு," என்றார் மேடம். "கூட்டத்தை நடத்தறவர் தெருக்காரர். இப்ப சொல்லு, வீட்டுக்குப் போகலாமா?"

ரேடியோவின் முகம் தொங்கிவிட்டது. அதைச் சரிக்கட்ட ஒரு வேலை செய்தான். "கூலி எவ்வளவுன்னு கேட்டுட்டு வர்றேன் பாஸ். அதாச்சும் உருப்படியா இருக்கட்டும்."

கூட்டத்தின் ஓரத்தில், காலரைத் தண்ணீரில் நனைத்துக் கழுத்தில் ஒத்திக்கொண்டிருந்த ஒரு நடுத்தர வயதுக்காரர் பக்கத்தில் போய் நின்றான். கண்ணைச் சிமிட்டினான். "என்ன அண்ணே, இன்னிக்கு எவ்வளவு தர்றாங்க? எனக்கும் தொண்டை நல்லாத்தான் இருக்கு."

அவர் திரும்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. அதுதான் ரேடியோவை ஒரு அடி பின்னால் தள்ளியது.

"தர்றாங்களா? எங்க தர்றாங்க?" என்றார் அவர் ஆவலாக. பிறகு ரேடியோவின் முகத்தைப் படித்துவிட்டு, மெதுவாகத் தலையாட்டினார். "ஓ. நீங்க அப்படிக் கேட்டீங்களா."

"இல்லண்ணே, சும்மா..."

"ஆத்துக்கு அந்தப் பக்கம் நூல் மில் இருந்துச்சே, தெரியுமா? அதுல இருந்தேன். மூடிட்டாங்க. நாங்க எல்லாருமே அங்க இருந்தவங்கதான். இங்க ரெண்டாவது புகைபோக்கி கட்டினா ஆள் எடுப்பாங்கன்னு சொன்னாங்க. நடந்து வந்தோம்." கழுத்தைத் துடைத்தார். "அந்தப் பதாகையைச் சொல்றீங்களா? அது ஆலைக்காரங்க கொண்டுவந்து கொடுத்தாங்க. கொடுத்தா வாங்கிக்கறதுதான். எங்க கையில அட்டைதான் இருந்துச்சு."

ரேடியோ எதையாவது கேட்டாக வேண்டுமே என்று கேட்டான். "சங்கு ஊதறப்பகூட நீங்க நிறுத்தலையே?"

"சங்கு ஊதினா வேலைக்குக் கூப்பிடறாங்கன்னுதான் தம்பி எனக்குத் தெரியும். அதைக் கேட்டுட்டு எப்படி வாயை மூடிக்கிட்டு நிக்கத் தோணும்?"

ரேடியோ திரும்பி நடந்தான். மேடத்திடம் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. மேடம் அவன் டீயை அவன் கையில் கொடுத்தார். ஆறிப்போயிருந்தது.

"கூலி இல்லையா?"

"இல்லை பாஸ். யாராவது கொடுத்தா வாங்கிப்பார்போல இருக்கு. ஆனா கொடுக்கலை." ஒரு வாய் குடித்தான். "நான் ஒரு கழுதை."

"கழுதையா இருந்தா பரவாயில்லை. குருட்டுக் கழுதையா இருக்காதே. அந்தப் பதாகைக்குப் பின்னாடி பாரு."

புதுப் பதாகைகளுக்குப் பின்னால், படியின் கைப்பிடியில் ஒரு பழைய துணிப் பேனர் கட்டியிருந்தது. வெயிலில் எழுத்து வெளுத்துப்போயிருந்தது. கூட்டம் தொடங்கிய நாளில் கட்டியதாக இருக்க வேண்டும். யாரும் இப்போது அதைக் கவனிப்பதில்லை. காற்றடித்தது. புதுப் பதாகைகள் படபடவென்று அடித்துக்கொண்டன. இரண்டு பேர் ஓடி வந்து பிடித்தார்கள். பழைய துணி மட்டும் அலுங்காமல் தொங்கியது.

அதில் பிறை வடிவில் சின்னச் சின்ன வெட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றின் ஓரமும் உள்மடித்துத் தைத்திருந்தது.

ரேடியோ பேனரைப் பார்த்தான். மேடத்தைப் பார்த்தான். "பாஸ், அந்தம்மா காசுக்குத் தைச்சுக் கொடுத்திருக்கலாமில்ல? கடைன்னா யார் வேணா வருவாங்க."

"இருக்கலாம்," என்றார் மேடம். "நானும் அப்படித்தான் இருக்கணும்னு வேண்டிக்கறேன். மைக்காரர் கிளம்பறார், வா."

சாயங்காலம் கூட்டம் கலைந்தது. மைக்காரர் கருவியைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். ஆலை வாசலுக்குப் போவார், மேனேஜரைப் பார்ப்பார் என்று ரேடியோ மனக்கோட்டை கட்டியிருந்தான். அவர் ஆலைப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. மருந்துக்கடையில் நின்று ஒரு சின்னப் பொட்டலம் வாங்கினார். சாக்கடையோரச் சந்தில் நுழைந்தார். சந்து வளைந்தது, மறுபடி வளைந்தது. எதிரில் வந்த ஒரு பெண் அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

சந்தின் முடிவில் ஒரு இரும்புப் படிக்கட்டு. ஒரு வீட்டின் பின்பக்க மாடிக்கு ஏறியது. ஏறும்போதே அவர் குரல் கொடுத்தார்.

"மாமா, நான்தான். மருந்து தீர்ந்துபோச்சுன்னு அக்கா சொன்னா."

உள்ளிருந்து பதிலாக இருமல் வந்தது. காலையில் கேட்ட அதே இருமல்.

ரேடியோ படிக்கட்டின் அடியில் நின்றுவிட்டான். கட்டிடத்தின் முன்பக்கம் என்ன இருக்கிறது என்று சுற்றிப்போய்ப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா ஒரு குழு, தம்பி ஒரு குழு," என்றான் மெல்ல. "மாமாவுக்கு மருந்து மட்டும் பொது."

"மேல போகலாம்," என்றார் மேடம். "நீ கதவைத் தட்டு. எனக்குப் பிடிக்கலை."

அறை சின்னது. ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலியில் டெய்லரம்மாவின் வீட்டுக்காரர், தோள்கள் ஏறி இறங்க மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். மைக்காரர் அவர் வாயருகே மருந்துக் குழாயைப் பிடித்திருந்தார். வந்தவர்களைப் பார்த்ததும் அவர் ஓடவும் இல்லை, பதறவும் இல்லை. "இருங்க, இது முடியட்டும்," என்றார். முடித்துவிட்டு, உள்படியை நோக்கிக் கூப்பிட்டார். "அக்கா, மேல வா. நீ சொன்னவங்க வந்துட்டாங்க."

மெஷின் நின்றது. டெய்லரம்மா ஏறி வந்தார். கழுத்தில் அளவெடுக்கும் நாடா தொங்கியது. நால்வரையும் பார்த்தார். சுவரோரமிருந்த பெட்டிமேல் உட்கார்ந்தார்.

"நீங்க ஆலை வாசல்லதான் தேடுவீங்கன்னு நினைச்சேன் மேடம்."

"அங்கதான் தேடியிருப்போம்," என்றார் மேடம். "உங்க தையல் நல்லாயில்லாம இருந்திருந்தா."

டெய்லரம்மா கைகளைப் பார்த்துக்கொண்டார். "நகரசபை குமாஸ்தா ஒருத்தர். நல்ல மனுஷன்தான். ஒரு நாள் சொன்னார், 'அம்மா, நீங்க சொல்றதை மறுத்து இதுவரைக்கும் யாருமே பேசலையே. தகராறு இல்லாத விஷயத்துக்கு எப்படி விசாரணை வைக்கறது? கேட்டாச்சு, பதிவு பண்ணியாச்சு, போயிட்டு வாங்க'ன்னு. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. தகராறுதானே வேணும்? நானே தைச்சுத் தர்றேன்னு நினைச்சேன்."

"தம்பியைக் கூப்பிட்டீங்க."

"அவன்கிட்ட மைக் செட் இருந்துச்சு. எங்க தெரு ஆளுங்களே அஞ்சாறு பேர், மத்தவங்ககிட்ட மூச்சு விடாம, அவன்கூட எதிர்ப்பக்கம் போய் நின்னாங்க. வெட்கமா சிரிச்சுக்கிட்டு நின்னாங்க. அடுத்த வாரமே விசாரணைக்கு நாள் குறிச்சுட்டாங்க மேடம். ரெண்டு வருஷம் ஒழுங்கா நின்னப்ப கிடைக்காதது."

"நாள் குறிச்ச உடனே கலைச்சிருக்கலாமே?" என்று கேட்டான் ரேடியோ. கேலியாகக் கேட்கவில்லை.

பதில் மைக்காரரிடமிருந்து வந்தது. "கலைக்கத்தான் போனேன். எங்க ஆளுங்க அன்னிக்கே வீட்டுக்குப் போயிட்டாங்க. நான் பேனரை அவிழ்த்துட்டு இருக்கேன், ஒருத்தர் வந்து நிக்கறார். நூல் மில்லுல இருந்தவராம். 'நீங்க ஒருத்தராவது எங்களுக்காகப் பேசறீங்களே'ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டார். பின்னாடி இன்னும் பத்துப் பேர். நான் என்ன சொல்றது? இது நாடகம், நீங்க நடந்து வந்தது தண்டம்னா?" கட்டிய தொண்டையைச் செருமினார். "மறுநாள் ஆலைக்காரங்க பதாகையோட வந்தாங்க. இப்ப நான் மைக்கைக் கீழ வச்சா இன்னொருத்தர் எடுப்பார். நல்லாவே பேசுவார். அவருக்கு உண்மையிலேயே பசி."

"இந்த மனுஷனைப் பார்த்துக்கிட்டே எப்படிடா உன்னால கத்த முடியுது?" என்றார் டெய்லரம்மா. பலமுறை கேட்டுத் தேய்ந்துபோன கேள்வி என்பது குரலில் தெரிந்தது.

"மாமாவைப் பார்த்துட்டுத்தான் தினமும் போறேன் அக்கா. அந்த மில்லுக்காரங்களையும் பார்க்கறேனே. நீ அவங்களைப் பார்க்கலை."

ரேடியோவுக்கு யார் பக்கம் பேசுவது என்று தெரியவில்லை. எப்போதும் கையிருப்பில் இருக்கும் நக்கல் ஒன்றுகூட இந்த அறைக்குப் பொருந்தவில்லை.

"அவங்க கூலிக்கு வந்தவங்கன்னே நான் நம்பிட்டேன் மேடம்," என்றார் டெய்லரம்மா. "நம்பினாத்தான் தூங்க முடிஞ்சுது. நீங்களும் அப்படியே சொல்லிட்டா, நான் ஆரம்பிச்சதை நான் சொல்லாமலே அது முடிஞ்சுபோயிடும்னு இருந்தேன்."

"நான் பார்த்ததை உங்ககிட்டதான் சொல்வேன். வேற யார்கிட்டயும் இல்லை," என்றார் மேடம். "அவங்க யாரும் கூலி வாங்கலை. இப்ப நடக்கறது நிஜமான தகராறுதான். எப்படி ஆரம்பிச்சுதுன்னு நீங்களா சொன்னா, உங்க பேச்சுல மிச்சம் இருக்கறதைக் கேட்பாங்களான்னு தெரியாது. நீங்க சொல்லாம வேற யாராவது சொன்னா, கண்டிப்பாக் கேட்க மாட்டாங்க. எங்களுக்கு ஒரு நாள்கூட ஆகலை கண்டுபிடிக்க. ஆலைக்காரங்களுக்கு எவ்வளவு நேரமாகும்?"

டெய்லரம்மாவின் விரல்கள் நாடாவைச் சுற்றின, அவிழ்த்தன, மறுபடி சுற்றின.

"சொல்லலாம் மேடம். நான்தான் ஆரம்பிச்சேன்னு சபையில எழுந்து சொல்லலாம். ஆனா எங்க தெருக்காரங்க, ரெண்டு வருஷம் என் பின்னாடி வெயில்ல நின்னவங்க, அவங்க என்னைப் பார்த்து..."

சங்கு ஊதியது.

ரேடியோ ஏதோ சொல்ல வாயெடுத்தவன், தன்னையறியாமல் மூடிக்கொண்டான். அறையில் ஐந்து பேரும் அசையவில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வீட்டுக்காரரின் தோள்கள் மட்டும் ஏறின, இறங்கின. அந்த இரைச்சலில் அவர் மூச்சுவிடும் சத்தம்கூட இல்லாமல் போயிருந்தது. அவர் கண் மனைவியின் மேல் இருந்தது.

சங்கு நின்றது.

ரேடியோ காத்திருந்தான். அறுந்த வாக்கியத்தின் மீதி இப்போது வரும். இந்தத் தெருவில் வராமல் இருக்காது. மைக்காரரும் அதற்காகவே அக்காவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டெய்லரம்மா அதைத் தொடரவில்லை.

"உன் கையைப் பிடிச்சார்னு சொன்னியே, மில்லுக்காரர்," என்றார் தம்பியிடம். "அவர் ஆத்தைத் தாண்டியிருப்பாரா?"

"பாலத்துக்கிட்ட டீக்கடையில இருப்பார். ஏன் அக்கா?"

"கூட்டிட்டு வா. நாளைக்கு சபையில சொல்றதை இன்னிக்கு அவர்கிட்ட சொல்லிப் பார்க்கறேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிஞ்சா, யார்கிட்ட வேணா சொல்லலாம்."

மைக்காரர் எழுந்தார். தோளிலிருந்த பையைக் கழற்றி மாமாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தார். இரும்புப் படிக்கட்டில் அவர் இறங்கும் சத்தம் கீழே போய்ச் சந்தில் கரைந்தது.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் தலைமேல் ஏற்றிக்கொண்டார். "ரேடியோ, வர்றவருக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போடு."

மூலையில் கிடந்த மர நாற்காலியை ரேடியோ தூக்கினான். டெய்லரம்மா உட்கார்ந்திருந்த பெட்டியைப் பார்த்தான். தூக்கிய நாற்காலியோடு நடு அறையில் நின்றான்.

"எதிர்ல போடவா, பக்கத்துல போடவா?" என்று கேட்டான்.

அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.